பெயர் அறியப்படாத செவிலி, 1971

இங்கிலாந்தில் உள்ள கால்டர்விக் நகரமன்றத்துக்கு வருஷத்தில் பதினோரு மாதம் கறுப்பர்கள் கண்ணில் படமாட்டார்கள். அக்டோபர் பிறந்ததும் பார்வை வந்துவிடும். வந்த வேகத்தில், எதிரே நடந்து வருகிறவர் பல் டாக்டரா பஸ் டிரைவரா என்றுகூடப் பார்க்காமல் அவர் கையில் ஒரு மேளத்தைக் கொடுத்துவிடுவார்கள். இதற்குக் கறுப்பின வரலாற்று மாதம் என்று பெயர். நவம்பர் முதல் தேதி காலையில் மேளங்களைத் திருப்பி வாங்கிக் கிட்டங்கியில் பூட்டிவிடுவார்கள். வரலாறும் அதோடு பூட்டப்படும்.

ஒலிவெட் ஷில்லிங்போர்டுக்கு எழுபத்தைந்து வயது. முப்பத்தெட்டு வருஷம் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அக்டோபரில் அவள் நகரமன்றப் பக்கம் போவதே கிடையாது. அன்று வழக்கமான சாலையில் பள்ளம் தோண்டியிருந்ததால் பஸ் சுற்றிக்கொண்டு போனது. மடியில் ஒரு சேனைக்கிழங்கும் நாலு வாழைக்காயும் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நகரமன்றக் கட்டடத்தின் மூன்று மாடியையும் மறைத்துத் தொங்கிய பேனரிலிருந்து அவளுடைய முகமே அவளைப் பார்த்தது.

இருபத்தொரு வயது முகம். வெள்ளைத் தொப்பி, இடது கன்னத்து மச்சம், விரியத் திறந்த வாய், கையில் உயர்த்திப் பிடித்த தட்டி. கீழே கொட்டை எழுத்தில்: 'மகிழ்ச்சியில் பாடும் பெயர் அறியப்படாத செவிலி, 1971. ஒரே ஊர், ஒரே தாளம்!'

ஒலிவெட் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். அன்று அவள் பாடவில்லை. கத்திக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டி மூன்று நாள் பேச்சே வராத அளவுக்குக் கத்தியிருந்தாள். எதற்காகக் கத்தினாள் என்பது அந்தத் தட்டியில் எழுதியிருந்தது. அண்ணாந்து தேடினாள். எழுத்து ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் நகரமன்றத்தின் சின்னமான அன்னப்பறவை நீந்திக்கொண்டிருந்தது.

பண்பாட்டுக் கொண்டாட்டம் மற்றும் உள்ளடக்கல் பிரிவின் மூத்த அலுவலர் ரோசலிண்ட் பெக்வித் முப்பது வயதுக்காரி. கழுத்தில் மரமணி மாலைகள் நாலைந்து. யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை ஈரமாக்கிக்கொண்டு கேட்பாள். கேட்பது காதுக்குள் போவதற்கு அத்தாட்சி எதுவும் இல்லை.

"அந்தப் படத்துல இருக்கறது நான்" என்றாள் ஒலிவெட்.

"எவ்வளவு அழகா சொல்லிட்டீங்க!" ரோசலிண்ட் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எங்க நோக்கமே அதுதான் மேடம். இந்த ஊர்ல உள்ள ஒவ்வொரு கறுப்பினப் பெண்ணும் அந்தப் படத்துல தன்னைப் பாக்கணும்."

"தன்னைப் பாக்கறது இல்லம்மா. நானேதான் அது. இந்த மூக்கைப் பாரு. மச்சத்தைப் பாரு."

ரோசலிண்ட் மச்சத்தைப் பார்த்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள். "படத்துல இருக்கறது பெயர் அறியப்படாத செவிலின்னு பதிவாகியிருக்கு. உங்களுக்குப் பெயர் இருக்கு. ரெண்டும் ஒரே ஆளா எப்படி இருக்க முடியும்?"

"என் பேரை எழுதிட்டா தீர்ந்துச்சு."

"அதுக்கு ஆதாரம் வேணுமே. அன்னிக்கு அந்த இடத்துல நீங்க இருந்தீங்கன்னு."

"அந்தப் படம்தான் ஆதாரம்!"

"படம் எங்களுது மேடம். எங்க ஆதாரத்தை நீங்க எப்படிப் பயன்படுத்த முடியும்?" இதை அவள் கனிவோடுதான் சொன்னாள். "இன்னொரு சிக்கலும் இருக்கு. நீங்க உயிரோட இருக்கீங்க. எங்க பிரிவு வரலாறு. உயிரோட இருக்கறவங்களை முதியோர் நலத்துல பாப்பாங்க. ரெண்டாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யலை."

ஒலிவெட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சரி, என் பேர் கிடக்கட்டும். தட்டியில ஒரு பேர் இருந்துச்சே. அதை ஏன் அழிச்சீங்க?"

"அழிக்கலை மேடம். சுத்தம் பண்ணோம். வாசகம் கொஞ்சம் எதிர்மறையா இருந்துது. கொண்டாட்டத்துக்கு வர்றவங்க மனசு புண்படக் கூடாது பாருங்க."

"அதைப் படிச்சீங்களா, படிக்காமலே எடுத்துட்டீங்களா?"

"படிக்காம இருப்போமா! குழுவே உக்காந்து படிச்சுது. ரெண்டு பேர் அழுதுட்டாங்க. அவ்வளவு உருக்கம். அதனாலதான் எடுத்தோம்."

கடைசியில் அவள் ஒரு யோசனை சொன்னாள். விழாவுக்காக நகரமன்றம் பன்னிரண்டு நிமிஷப் படம் ஒன்று எடுக்கிறது. ஒலிவெட் அதில் பேசலாம். மனதில் இருக்கிறதையெல்லாம் சொல்லலாம். "உங்க குரல் எங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்று வாசல்வரை வந்து அனுப்பிவைத்தாள்.

அடுத்த தெருவில் இருந்தாள் கோராலி. ஒலிவெட்டும் அவளும் கரீபியன் கடலில் உள்ள டொமினிகா தீவில் ஒரே ஊர்; ஒரே கப்பலில் வந்தவர்கள். கோராலிக்கு எழுபத்தேழு. முழங்கால் இரண்டும் போய்விட்டது. வாய் மட்டும் முன்னைவிட வேகம். ஒலிவெட் உள்ளே வந்தபோது கருவாட்டை ஊறப்போட்டுவிட்டு அடுக்களை மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, மூஞ்சி ஊறப்போட்ட மீன் மாதிரி இருக்கு?"

ஒலிவெட் விழா அழைப்பிதழை மேஜையில் வைத்தாள். பேனரில் இருந்த அதே படம் அட்டையிலும் இருந்தது. கோராலி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

அசல் படத்தில் ஓரமாக இன்னொரு கை உண்டு. ஒலிவெட்டோடு சேர்ந்து அந்தத் தட்டியின் கம்பைப் பிடித்த கோராலியின் கை. அதையும் வெட்டியிருந்தார்கள்.

"என் கையைக் காணோம்" என்றாள் கோராலி.

"ஆமா."

"கை போனாப் போகுது. என் பிள்ளை பேர் இருந்த இடத்துல வாத்து உக்காந்திருக்கேடி."

"அன்னமாம்."

"வாத்து!" மேஜையை ஓங்கி அறைந்தாள். கருவாட்டுத் தண்ணீர் தளும்பியது.

அன்செல்ம் அவளுடைய மூத்த பிள்ளை. அப்போது அவர்கள் குடியிருந்தது எரிவாயு ஆலைக்குப் பின்னால் ஒரு வீட்டில், தளத்துக்கு நாலு குடும்பம். கோராலி நகரமன்றத்துக்கு வீடு கேட்டு நாலு தடவை மனுப் போட்டாள். ஊரில் ஐந்து வருஷம் குடியிருந்தவர்களுக்குத்தான் வீடு என்று நாலு தடவையும் பதில் வந்தது. பிப்ரவரிக் குளிரில் குழந்தைக்கு இருமல். ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளைத் திணித்து, மண்ணெண்ணெய்க் கணப்பை ஏற்றிவைத்துவிட்டுத் தூங்கினார்கள். கணப்பு நச்சுக்காற்றைக் கக்கியது. இரவு வேலை முடிந்து காலையில் வந்த ஒலிவெட்தான் கதவை உடைத்தாள். கோராலிக்கு மூச்சு இருந்தது. குழந்தையைத் தூக்கியதுமே ஒலிவெட்டுக்குத் தெரிந்துவிட்டது, படித்த படிப்பு அப்படி. ஆனாலும் அரைமணி நேரம் அந்தச் சின்ன வாயில் ஊதிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் அறுபது பேர் நகரமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். ஒலிவெட் வேலை உடுப்போடு போனாள். தட்டியில் அவளே எழுதியிருந்தாள்: 'அன்செல்ம். எட்டு மாதம். வீடு கேட்டோம். சவப்பெட்டி கிடைத்தது.'

"படம் எடுக்கறாங்களாம். அதுல சொல்லச் சொல்றாங்க" என்றாள் ஒலிவெட்.

"போய்ச் சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்லு. எனக்கு முழங்கால் வராது. வந்தா அந்த வாத்தைக் கழுத்தைத் திருகிக் குழம்பு வெச்சிருவேன்."

ஒலிவெட் சொன்னாள். கேமராவின் முன்னால் இரண்டு மணி நேரம் சொன்னாள். நாலு மனுக்கள், நாலு பதில்கள், கணப்பு, கதவு, எல்லாம். கேமராக்காரர் நடுவில் ஒருமுறை, "அப்போ ரொம்பக் குளிரா இருந்துதா?" என்று கேட்டார். "ஆமா, ரொம்பக் குளிர்" என்றாள். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

விழா மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு. வாசலில் ஒரு மேஜை, அதன்மேல் பெயர் அட்டைகளும் தடித்த மார்க்கர் பேனாக்களும். பெயர் அட்டைகள் ஏற்கெனவே அச்சடிக்கப்பட்டிருந்தன. ஒலிவெட்டின் சட்டையில் குத்திய அட்டையில் 'சமூக உறுப்பினர்' என்று இருந்தது. உள்ளே இருந்த கறுப்பர் அத்தனை பேர் சட்டையிலும் அதேதான்.

மண்டபக் கதவருகே ஒரு சண்டை. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டுக்காரர் ஃபொடே தலைமுறை தலைமுறையாகக் கோரா வாசிக்கிற குடும்பம். பெரிய சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி இருபத்தொரு தந்தி கட்டிய வாத்தியம் அது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். எதிரே பாதுகாப்பு அலுவலர்.

"மின்சாரப் பாதுகாப்புச் சான்று இல்லாம உள்ள விட முடியாது."

"இது சுரைக்காய் சார். இதுல பிளக்கே கிடையாது."

"அப்படின்னா பிளக் இல்லைங்கறதுக்கு ஒரு சான்று."

ரோசலிண்ட் ஓடிவந்து சமாதானம் செய்தாள். ஃபொடே வாசிக்கலாம், ஆனால் மேடையில் இல்லை. கழிப்பறைக்குப் போகிற நடையில், இதமான பின்னணியாக. "நீங்க தப்பா நினைக்கக் கூடாது. இது ரொம்ப மென்மையா இருக்கு. ஆப்பிரிக்க இசைன்னு ஜனங்களுக்குத் தெரியாமப் போயிடும்." மேடையில் வரிவசூல் பிரிவுக்காரர்கள் பன்னிரண்டு பேர், பூப்போட்ட தொளதொள சட்டையில், ஆளுக்கொரு மேளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வியாழக்கிழமைதான் கற்றுக்கொண்டார்களாம். அவர்களுக்குப் பின்னால், தரையைத் தொட்டுக்கொண்டு, அதே படத்தின் இன்னொரு பேனர்.

நகரமன்றத் தலைவர் ஹோல்ராய்டு எழுந்தார். சிவந்த, சந்தோஷமான மனிதர்.

"நண்பர்களே! ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் உங்கள் பெற்றோர் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது, என் தந்தையார்தான் வீட்டுவசதிக் குழுத் தலைவர். அவரிடம் வந்த மனுக்களில் ஒன்றைக்கூட அவர் பதில் போடாமல் விட்டதில்லை. எல்லாருக்கும் ஒரே பதில்தான், வித்தியாசமே பார்க்கமாட்டார். சமத்துவத்தை நான் அவரிடம்தான் கற்றேன். இன்று இந்த மண்டபத்தைப் பார்க்கிறேன். நீங்கள் எல்லாரும் எங்கேயோ குடியிருக்கத்தானே செய்கிறீர்கள்? தெருவில் யாரும் இல்லையே? அப்படியானால் நாங்கள் எதையோ சரியாகத்தான் செய்திருக்கிறோம்!"

முன்வரிசை கை தட்டியது. ஒலிவெட் தன் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அவற்றை நம்ப முடியவில்லை.

பிறகு படம். பன்னிரண்டு நிமிஷத்தில் பத்து நிமிஷம் ஹோல்ராய்டு நடந்தார். ஆற்றங்கரையில் நடந்தார். சந்தையில் நடந்து மாம்பழத்தை முகர்ந்தார். பதினோராவது நிமிஷத்தில் ஒலிவெட்டின் முகம் திரை முழுக்க வந்தது. "ஆமா, ரொம்பக் குளிர்" என்றது. உடனே ஹோல்ராய்டு வந்து, கண்ணைச் சுருக்கிச் சிரித்து, "ஆனால் இந்த ஊரின் இதயம் கதகதப்பானது" என்றார். அன்னப்பறவை நீந்தியது. படம் முடிந்தது.

இரண்டு மணி நேரம் பேசியதில் அவர்களுக்குத் தேவைப்பட்டது மூன்று சொல். அந்தக் குளிரையே எடுத்து அவர்கள் கதகதப்புக்கு விறகாக்கிக்கொண்டார்கள். ஒலிவெட்டுக்கு அழுகை வரவில்லை. காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்டது. அறுபது பேரோடு நடந்த அன்றைக்குப் பிறகு அது கேட்டதில்லை.

ரோசலிண்ட் ஒலிபெருக்கியைப் பிடித்தாள். "இப்போது, பெயர் அறியப்படாத அந்தச் செவிலிக்காக ஒரு நிமிட மௌன அஞ்சலி. அனைவரும் எழுந்து நிற்கவும்."

எழுந்தார்கள். தலை குனிந்தார்கள். ஒலிவெட்டும் எழுந்தாள். ஆனால் நிற்காமல் வாசல் மேஜைக்கு நடந்து, இருந்ததில் தடித்த மார்க்கராகப் பார்த்து எடுத்துக்கொண்டு மேடைப் படிகளில் ஏறினாள்.

"மேடம்," ரோசலிண்ட் கிசுகிசுத்தாள், "மௌனம் நடந்துட்டிருக்கு."

"எனக்குத்தானே நடக்குது? நானே கலைச்சுக்கறேன்."

மேளக்காரர்களைத் தாண்டிப் பேனரின் முன்னால் போய் நின்றாள். தட்டி அவள் தோள் உயரத்தில் இருந்தது. அன்னத்தின் வயிற்றில் முதல் எழுத்தை எழுதினாள். மார்க்கர் கிறீச்சிட்டது. அந்த அமைதியில் கடைசி வரிசைவரை அது கேட்டது. 'அன்செல்ம்.'

யாரோ கை தட்டினார்கள். அது பரவியது. ஹோல்ராய்டு பூரித்துப்போனார். "பங்கேற்புக் கலை!" என்று பக்கத்து நாற்காலியிடம் சொன்னார். "இதெல்லாம் முன்னாடியே திட்டம் போட்டது."

ஒலிவெட் திரும்பினாள். "கை தட்டாதீங்க! நான் கலைக்காரி இல்ல. இந்தப் படத்துல கத்தறது நான். இந்தத் தட்டியில ஒரு குழந்தை பேர் இருந்துச்சு. அது மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. நாலு தடவை வீடு கேட்டாங்க, இந்தத் தலைவரோட அப்பா நாலு தடவையும்..."

கைதட்டல் நின்றது. ஹோல்ராய்டின் சிரிப்பு முகத்திலேயே உறைந்துபோய், என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. ரோசலிண்ட் மேளக்காரர்களைப் பார்த்துக் கையைச் சுழற்றினாள்.

வரிவசூல் பிரிவு மொத்தமும் மேளத்தில் இறங்கியது. பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு தாளத்தில். ஒலிவெட் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. ஆப்பிரிக்காவின் பெயரால் அவள் வாயை அடைத்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஊர்வலத்தை மறித்த போலீஸ் குதிரைகள்கூட இவ்வளவு சத்தம் போடவில்லை. அவள் பேசுவதை நிறுத்தினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு மீதியை எழுதினாள், எழுத்து நடுங்காமல், ஆஸ்பத்திரி அட்டையில் எழுதுகிற மாதிரி. கடைசிப் புள்ளியை வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். காவலாளிகள் இருவர் ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்தார்கள். நடையில் ஃபொடே வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

திங்கட்கிழமை நகரமன்றத்திலிருந்து தொலைபேசி வந்தது. வரலாற்றுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக அவள்மேல் புகார். ஆனால் நகரமன்றம் பெருந்தன்மையானது. எழுதியது முன்கூட்டியே ஏற்பாடு செய்த பங்கேற்பு நிகழ்ச்சி என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் புகார் இருக்காது.

ஒலிவெட் கோராலியிடம் சொன்னாள். கோராலி எழுந்து கோட்டை எடுத்தாள்.

"முழங்கால் வராதுன்னியே?"

"வரும். வராம எங்க போகும்?"

சொத்துச் சேதப் பிரிவு தரைத்தளத்தின் கோடியில் இருந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் ரிட்லி என்று ஒருவர். ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. எதைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லாத முகம். பக்கத்தில் ரோசலிண்ட் தாளோடு காத்திருந்தாள்.

"ஒரு கையெழுத்து போதும் மேடம். எல்லாத்தையும் மறந்துடலாம்."

"மறக்கறதுக்கு நான் வரலை" என்றாள் ஒலிவெட். ரிட்லியிடம் திரும்பினாள். "சார், நான்தான் செஞ்சேன். யாரும் ஏற்பாடு பண்ணலை. வேணும்னேதான் செஞ்சேன். புகாரை எழுதுங்க."

ரிட்லி தட்டச்சுப் பலகையை இழுத்துக்கொண்டார். பெயர், முகவரி, சேதமான பொருள். "எப்படி அடையாளம் கண்டாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. காவலாளி அறிக்கையிலயே இருக்கு." வாசித்தார்: "படத்தில் உள்ள அதே பெண்மணி. முகம் பார்த்த உடன் தெரிந்தது."

ரோசலிண்ட் தன் மரமணிகளை உருட்டத் தொடங்கினாள்.

"அடுத்தது, எழுதின வாசகம். அப்படியே சொல்லணும்."

"அது வேண்டாம் ரிட்லி" என்றாள் ரோசலிண்ட் அவசரமாக. "'தகாத வாசகம்'னு போட்டுடுங்க."

"கட்டத்துல வாசகம்தான் கேக்குது. வேற போட்டா ஏத்துக்காது."

"இந்தக் கோப்பை எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க?" என்று கேட்டாள் கோராலி.

"சேதக் கோப்பா? இதை அழிக்கறதே இல்லம்மா. நிரந்தரம்."

"நான் வீடு கேட்டு மனுப் போட்டேன். எழுபதுல. நாலு."

"அதெல்லாம் ஏழு வருஷத்துல எரிச்சிடுவாங்க."

கோராலி தலையாட்டினாள். கவுன்ட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். "பேர் அன்செல்ம்."

ரிட்லி தட்டினார். "அன்செல்?"

"கடைசியில எம் இருக்கு."

"எம். சரி. அப்புறம்?"

"அந்தத் தட்டி எழுதினப்போ இவளுக்கு அவசரம், எட்டு மாசம்னு போட்டுட்டா." கோராலி ஒலிவெட்டைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பு. எட்டு மாசம் பதினோரு நாள்."

"பேனர்ல எப்படி எழுதினாங்களோ அப்படித்தான்மா போடணும்."

"எனக்கு ஒரு மார்க்கர் கொடுங்க," என்றாள் கோராலி. "அந்தப் பேனரை எங்க வெச்சிருக்கீங்க?"